கரையில் நின்று படகு நடத்தியவள்

விடத்தல்தீவுக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அன்ரோனெற் தலைவியானபோது, "கடலுக்கே போகாத பொம்பிளை எங்கட படகுகளை என்னண்டு நடத்தப்போறா?" என்று சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து ஊர் திரும்பியவள் அவள். அங்கே தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்திய குரல் இங்கேயும் எடுபட்டது. ஐஸ் தட்டுப்பாடு தீர்ந்தது. இறங்குதுறைக்கு வெளிச்சம் வந்தது. அடுத்த தேர்தலில் ஊர் அவளைப் பிரதேச சபைக்கும் அனுப்பியது.

போன வருடம் சோளகக் காற்று மூர்க்கமாக அடித்த ஒரு காலையில் நான்கு படகுகளைக் காணவில்லை. அவற்றில் ஒன்று அவள் கணவன் கொலின்சுடையது. அன்ரோனெற் அழவில்லை. கரையிலேயே கதிரையைப் போட்டுத் தலைமன்னார்ச் சங்கத்துக்குப் போன் எடுத்து அவர்களின் படகுகளையும் தேடக் கேட்டாள், படகுகளுக்கு எண்ணெய் சேர்ப்பித்தாள். தேடப் புறப்பட்ட சிங்கராசாவையும் மற்றப் படகுக்காரரையும் தனியே போகவிடாமல், சோடி சோடியாகப் பிரித்துப் ஒவ்வொரு திசைக்கும் அனுப்பினாள். பின்னேரத்துக்குள் காணாமற்போனவர்களும் தேடப்போனவர்களும் கரையேறினார்கள். கொலின்சைக் கண்ட பிறகுதான் அவள் கதிரையை விட்டு எழும்பினாள்.

இதைக் கோயில் திருநாளுக்கு நாடகமாக எழுதினார் லோறன்ஸ் மாஸ்ரர். ஒத்திகை பார்க்கப் போன அன்ரோனெற் திகைத்துப்போனாள். அவளாக நடித்த கிறிஸ்ரினா, புயலுக்குள் தனியே படகோட்டிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்ரர், நான் எப்ப படகோட்டினனான்?"

"சனத்துக்கு வீரம் வேணுமெல்லோ, பிள்ளை?"

"ஓட்டினது சிங்கராசா அண்ணையாக்கள். அவையின்ர வீரத்தைத் தூக்கி எனக்குத் தராதேங்கோ. நான் செய்தது கரையில. அதுவும் சின்ன வேலையில்லை."

சரித்திரம் படிப்பிக்கும் மாஸ்ரர் சற்று யோசித்தார்.

"அமெரிக்காவில கடற்படைக்கு முதன்முதல் செயலாளரா வந்தவரும் ஒரு வியாபாரிதான், பிள்ளை. கப்பலோட்டி இல்லை. கந்தோர் மேசையில இருந்துதான் கப்பல்களைச் சேர்த்து அனுப்பினவர். அவரைப் பற்றி வகுப்பில பெருமையாச் சொல்லிப்போட்டு, உம்மை மட்டும் ஏன் படகில ஏத்தினனான்?"

"அப்ப இறக்கிவிடுங்கோ," என்று சிரித்தாள் அன்ரோனெற்.

திருநாளன்று கிறிஸ்ரினா மேடைக் கரையில் நின்று, தேடப்போகும் படகுகளைப் பெயர் சொல்லி அழைத்தாள்.

"சமுத்திரமாதா!"

கூட்டத்துக்குள்ளிருந்து அந்தப் படகின் சொந்தக்காரர் சிங்கராசா எழும்பி, "ஓம், வாறன்!" என்று கத்தினார். நாடகத்தில் இல்லாத வசனம் அது. அடுத்த பெயருக்கு இன்னொருவர் எழும்பினார். பிறகு தலைமன்னாரிலிருந்து வந்திருந்தவர்களும் எழும்பினார்கள். கைதட்டலில் கிறிஸ்ரினாவின் குரலே கேட்கவில்லை.

கொலின்ஸ் பக்கத்தில் இருந்தவரிடம், அவர் கேட்காமலே, "என்ர மனிசி," என்றான். அன்ரோனெற் வெட்கப்பட்டுக் குனியவில்லை. நிமிர்ந்திருந்து, எழும்பி நின்ற ஒவ்வொருவரையும் கண்ணாரப் பார்த்தாள்.