சக்களத்திக்கு ஓர் அர்ச்சனை

என் கணவருக்கு இங்கிலாந்தில் ஒருத்தி இருந்தாள். கபில நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, நீண்ட கால்கள். அவளைப் பற்றி அவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. மறைத்திருந்தால் என் காதாவது தப்பியிருக்கும். அவள் ஒரு பந்தயக் குதிரை.

டொக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து அவர் மாலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போவார். ஒரு துளி வியர்வை இல்லாமல் திரும்பி வருவார். காலி வீதிப் பந்தயக் கடையில் ஏசி நன்றாக வேலை செய்யும் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே பெரிய டீவியில் இங்கிலாந்துக் குதிரைகள் ஓடும். அரசாங்கக் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், பந்தயம் கட்டுவதில் மகா கருமி. பார்ப்பதில்தான் ஊதாரி.

அவளுடைய முதல் ஓட்டத்தை அவர் பார்த்தது தற்செயலாகத்தான். கடைசியாக வந்தாளாம். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிங்களத்தில் திட்டித் தீர்த்தார்களாம். இவர் மட்டும், "ஓடத் தெரியாமல் இல்லை, இன்னும் மனம் வரேல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று வயதில் அவளுக்கு மனம் வந்தது. கடைசி வளைவு வரை கூட்டத்துக்குப் பின்னால் சும்மா வருவாள், பிறகு வெளிப்பக்கமாக விலகி எல்லோரையும் தாண்டிப் போவாள். இதை அவர் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தல், ஊறுகாய்ப் போத்தல் எல்லாவற்றையும் வைத்து ஓட்டிக் காட்டுவார். அவள் எப்போதும் உப்புப் போத்தல்தான். ஊறுகாய் ஒருநாளும் வென்றதில்லை.

அதோடு நிற்கவில்லை. அவளுடைய தகப்பன், தாயின் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஏழு தலைமுறையும் அவருக்கு மனப்பாடம். பூட்டி அயர்லாந்தில் பிறந்தவளாம், நல்ல குலமாம், நல்ல பகுதியாம்.

இதே மனிதர்தான், எங்கள் ஒரே மகள் தன்னோடு படித்த கொட்டாஞ்சேனைப் பையனைக் கட்டப் போகிறேன் என்றபோது, "அவையின்ரை பகுதி என்னெண்டு எங்களுக்குத் தெரியாது" என்று கதவைச் சாத்தினார். பையன் கத்தோலிக்கன். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போக ஒரு மணித்தியாலம் போதும். அயர்லாந்துப் பூட்டியை விசாரித்து வைத்திருந்தவருக்கு, அதுவரை போய் ஒரு சம்பந்தியை விசாரிக்க நேரம் கிடைக்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவரிடம் முயலைக் கொண்டுவந்து காட்டி என்ன பயன்?

கலியாணம் கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் நடந்தது. நானும் என் தம்பியும்தான் எங்கள் பக்கம். திரும்பி வந்து, சேலைகூட மாற்றாமல் கதிரையில் இருந்தேன். பந்தயக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவர், "வெண்டிட்டாள்" என்றார். யாரென்று நான் கேட்கவில்லை. அன்று அவரை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

அதுதான் அவளுடைய கடைசி ஓட்டம். காலில் நரம்பு பிசகிவிட்டதாம், இனி ஓட மாட்டாளாம், குட்டி போட அனுப்பிவிட்டார்களாம். மகளும் மருமகனும் அதே ஆண்டு இங்கிலாந்து போனார்கள். குதிரையும் மகளும் ஒரே நாட்டில் இருந்தார்கள். அவர் குதிரையைப் பற்றி மட்டும் கதைத்தார். மகள் எனக்குப் போன் எடுத்தால் எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பக்கத்துத் தொடர்மாடியின் தண்ணீர்த் தாங்கிதான்.

அவளை முதலில் பேர்போன ஒரு ஆண் குதிரையோடு சேர்த்தார்கள். ராச வம்சம் என்று அவர் பாயாசம் வைக்கச் சொல்லாததுதான் குறை. குட்டி கோணல் காலோடு பிறந்தது. அடுத்ததும் பெரிய இடத்துச் சம்பந்தம்தான். அந்தக் குட்டியை ஏலத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளை வைத்திருந்தவர்கள் ஒரு சிறிய பண்ணைக்கு விற்றுவிட்டார்கள். அங்கே அவளை இவர் கேள்விப்பட்டே இராத ஒரு குதிரையோடு சேர்த்தார்கள். செய்தியைப் போனில் வாசித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பகுதி தெரியாத ஒண்டோடை சேர்த்திருக்கிறாங்களப்பா."

"அதுவும் கொட்டாஞ்சேனையோ?" என்றேன்.

அன்று பின்னேரம் அவர் தேத்தண்ணி கேட்கவில்லை.

போன வருடம் மகள் தான் பிள்ளைத்தாய்ச்சி என்று எனக்குச் சொன்னாள். நான் பிட்டுப் பரிமாறிக்கொண்டே சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. கறியே விடாமல் வெறும் பிட்டைச் சாப்பிட்டு முடித்தார். அந்தப் பிள்ளை பிறக்கும்போதும் இவர் பல்கனியில்தான் நிற்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பேரப்பிள்ளைக்குத் தாத்தா என்றால் ஒரு முதுகு என்று ஆகிவிடக் கூடாது.

ஆனால் அன்றிலிருந்து குதிரையைப் பற்றிய அவருடைய கவலைகள் ஒரு மாதிரியாக மாறின.

"அங்கை இப்ப நல்ல குளிரோ?"

"எங்கை?"

"குதிரை நிக்கிற இடத்திலை."

இன்னொரு நாள், "முதல் மாசங்களிலை சத்தி இருக்குமோ?" என்றார். குதிரைக்கு வாந்தி வருமா என்று எனக்குத் தெரியாது. "இருந்தது, இப்ப குறைவாம். இஞ்சித் தேத்தண்ணி குடிக்கிறாளாம்" என்றேன். குதிரை இஞ்சித் தேத்தண்ணி குடிப்பதைப் பற்றி அவர் ஆச்சரியப்படவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனிதருக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, தானாகவே கோயிலுக்கு வெளிக்கிட்டார். "அந்தக் குதிரை சுகமாய் ஈனட்டும், ஒரு அர்ச்சனை செய்வம்" என்றார். ஐம்பது வருடம் சாமி கும்பிட்ட எனக்கு இப்படி ஒரு நேர்த்தி புதிது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போனேன். பிள்ளையாருக்கு முன்னால் ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார். குதிரைக்கு இவர் என்ன சொல்லப் போகிறார் என்று காதைக் கொடுத்தேன். பெயரை மணிச் சத்தத்துக்குள் விழுங்கிவிட்டார். நட்சத்திரம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"உத்திரட்டாதி, மீன ராசி."

எங்கள் மகள் உத்திரட்டாதி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று கண்ணைத் துடைத்தேன். வழி முழுக்கக் கேலி செய்ய எவ்வளவோ இருந்தது. திருநீற்றுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வீட்டுக்கு வந்து அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து மகளுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பண்ணை அவள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஆட்கள் போய்ப் பார்க்க நாள் வைத்திருக்கிறார்கள் என்று அவர்தான் முன்பு சொல்லியிருந்தார்.

"ஒருக்கால் போய் அந்தக் குதிரையை அப்பாவுக்குக் காட்டு பிள்ளை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவள் போனாள். வீடியோ அழைப்பு வந்தபோது அவர் எழுந்து பல்கனிக் கதவைத் திறந்தும் விட்டார். "குதிரையாம்" என்றேன். திரும்பி வந்தார். போனில் மழை தூறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள், எத்தனையோ வருடம் நான் சேர்ந்து வாழ்ந்த சக்களத்தி. வயிறு பெருத்து, நெற்றிப் பொட்டு நனைந்து, பாவமாகத்தான் இருந்தாள்.

மகளின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும். அவர் என்னிடம்தான் கேட்டார். "எப்ப ஈனுமாம், கேள்."

"சித்திரைக்குள்ளையாம், அப்பாவிட்டைச் சொல்லுங்கோ அம்மா."

"கால் வீங்கியிருக்கோ எண்டு கேள்."

இருவருக்கும் நடுவில் நான் தபால்காரியாக நின்றேன்.

"குதிரைக்கு வீங்கேல்லை அம்மா. எனக்குத்தான் வீங்கியிருக்கு."

அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"குதிரை போதும். போனைத் திருப்பு பிள்ளை."

படம் ஆடிச் சுழன்று நின்றது. மகள் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், முழுக்க நனைந்தபடி மருமகன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் குடையோடு பின்னால் நகர்ந்தான்.

இவர் தொண்டையைச் செருமினார்.

"விலகாதையும் தம்பி. ரெண்டு பேரும் குடைக்குள்ளை வாங்கோ."