ஒரே பிலிமில் இரண்டு முகம்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கு நிலைக்கவில்லை. அண்ணன் பெரிய மரக் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போவான். அதன் மூன்று கால் ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு இவன் பின்னால் போவான். "கேமராவும் ஸ்டாண்டும் வருது பாரு" என்று தெருவில் யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்துத் தலை நரைத்த பிறகும் அவன் ஸ்டாண்டுதான்.

அம்மாவின் அறைச் சுவர் முழுக்க அண்ணன் எடுத்த படங்கள். ஸ்டாண்டு ஒருமுறை எடுத்துக் கொடுத்த படத்தை அம்மா மளிகை டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தாள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அது ஆறவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்து "என்ன கை!" என்றபோது அவனுக்கு வயிறு எரிந்தது. அழுதுகொண்டேதான் எரிந்தது.

"ஆம்பளைக்கும் சக்களத்தி உண்டுன்னு உங்களப் பாத்துதான் தெரிஞ்சுது" என்றாள் மனைவி.

அண்ணி கேமராப் பையை அவனிடமே கொடுத்துவிட்டாள். "நீங்களே வச்சுக்குங்க தம்பி. எனக்கு அதப் பாத்தா தாங்கல."

பையில் இருந்த பிலிம் டப்பா காலாவதியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் அப்படிப்பட்டதைத்தான் தேடித் தேடி வாங்குவான். பழைய பிலிமுக்குப் பார்வை மங்கிவிடும், வெளிச்சத்தை அள்ளி ஊட்ட வேண்டும் என்பான். டப்பா காலி. பிலிம் வைக்கும் மரச்சட்டம் ஒன்றில் மட்டும் ஒரே ஒரு பிலிம் மிச்சம். சட்டத்தை மூடும் தகட்டின் விளிம்பு ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை தெரிந்தால் எடுக்காத பிலிம். படம் எடுத்ததும் தகட்டைத் திருப்பிக் கறுப்பு தெரியச் செருக வேண்டும். அதை மறந்ததற்காக ஸ்டாண்டு அண்ணனிடம் வாங்காத திட்டில்லை.

இதில் வெள்ளை தெரிந்தது.

அம்மாவை எடுப்பது என்று முடிவு செய்தான். அண்ணனின் படங்களுக்கு நடுவே அவனுக்கென்று ஓர் ஆணி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தான் தேய்த்துக் கொடுத்த புதுக் கண்ணாடியை அம்மாவுக்கு மாட்டிவிட்டு, கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தான்.

"பெரியவன் எடுத்தா இவ்ளோ நேரம் ஆகாதுடா."

"அசையாதம்மா. நான் எட்டு எண்ணணும்."

"மூச்சாவது விடலாமா?"

"எண்ணி முடிச்சதும் விடு."

"நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள எமனே வந்துடுவான்."

குளியலறைக் கதவிடுக்கில் துண்டைச் செருகி, இருட்டில் பிலிமைக் கழுவி எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு முகங்கள். இரண்டும் அம்மா. ஒன்றில் கண்ணாடி உண்டு, இன்னொன்றில் இல்லை.

அவனுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. அண்ணன் தகட்டைத் திருப்ப மறந்திருக்கிறான். எல்லாருக்கும் பாடம் சொன்னவன்! அம்மாவை அதே திரைக்கு முன்னால், சற்றுத் தள்ளி உட்கார வைத்து எடுத்துவிட்டு, கழுவாமலே போயிருக்கிறான். அதே பிலிமில்தான் ஸ்டாண்டு மறுபடி எடுத்திருக்கிறான். இங்கேயும் அண்ணன்தான் முந்தியிருந்தான்.

ஆனால் கண்ணாடி போட்ட முகம்தான் துல்லியமாக இருந்தது. மற்றது வெளிறிப்போன தேமல் மாதிரி. பேப்பரில் படம் போட்டு அம்மாவிடம் கொண்டு போனான். அம்மா துல்லியமான முகத்தைத் தடவினாள்.

"பெரியவன் கையே கைதான்."

"அது நான் எடுத்ததும்மா. கண்ணாடியப் பாரு."

"அப்படியா?" விரல் தயங்காமல் நகர்ந்து வெளிறிய முகத்தின் மேல் போய் நின்றது. "அப்ப இதுதான் அவன் எடுத்தது." அங்கிருந்து விரல் எழவே இல்லை.

ஸ்டாண்டு படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு குளியலறைக்குத் திரும்பினான். சிவப்பு விளக்கு எரிய, புதுப் பேப்பர் மேல் நெகட்டிவை வைத்துக் கண்ணாடிப் பலகையால் அழுத்தி, மேல்விளக்கைப் போட்டான். தன் பாதிக்கு வேண்டிய வெளிச்சம் விழுந்ததும் அதை மட்டும் அட்டையால் மறைத்தான். அண்ணனின் பாதிக்கு வெளிச்சத்தைக் கொட்டினான். கருகிப் போகட்டும்.

பேப்பரை டெவலப்பர் தட்டில் நனைத்தான். அந்தப் பாதி கருகவில்லை. பழைய பிலிம் என்று அண்ணன் வெளிச்சத்தை அள்ளி ஊட்டியதில் நெகட்டிவில் அந்தப் பாதி தடித்துப் போயிருந்தது. அத்தனை வெளிச்சமும் அதற்குத் தேவைப்பட்டிருக்கிறது. வெளிறலுக்குள்ளிருந்து முதலில் புருவம் வந்தது, பிறகு கண்ணோரச் சுருக்கங்கள், பிறகு பல் தெரியும் சிரிப்பு. அண்ணன் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறான். பக்கத்தில் ஸ்டாண்டு எடுத்த அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு, வாயை இறுக்கி, எட்டு எப்போது முடியும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

மேல்விளக்கின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் பேப்பர் முழுக்கக் கறுத்துவிடும். அவன் கை அதுவரை போனது.

"போயும் விடமாட்டியாண்ணா?" என்றான்.

"யார்கிட்ட பேசறீங்க? முடிஞ்சுதா இல்லையா?" வெளியே மனைவி கதவைத் தட்டினாள்.

"தொறக்காத! வெளிச்சம் பட்டுடும்" என்று கத்திவிட்டு, பேப்பரை இரண்டு கையாலும் எடுத்து படத்தை அழியாமல் நிறுத்தும் ஹைப்போவில் போட்டான்.