கொக்கிப்புழுவும் சந்தகையும்

போன வாரம் பொள்ளாச்சியில் ஒரு படத்துக்குப் போயிருந்தேன். படம் தொடங்குமுன் கொசு ஒழிப்பைப் பற்றிச் சர்க்கார் படம் ஒன்று ஓட்டினார்கள். திரை முழுக்கக் கொசுப்புழுக்கள் தலைகீழாக நெளிகின்றன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்து நாற்காலிப் பையனோ எண்ணெய் சொட்டச் சொட்ட மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் புழுவையும் இந்த பஜ்ஜியையும் ஒரே சமயத்தில் எப்படி ஐயா உள்ளே விடுகிறார்கள்? நான் எழுந்து வெளியே போய் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

என்னை ஏதோ நாசூக்குக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் கடலை மண்டியில் எடை போட்டுப் பிழைத்தவன் நான். சொத்தைக் கடலை, எலிப் புழுக்கை, வியர்வை நாறும் சாக்கு, இவற்றின் நடுவே உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட வயிற்றைக் கெடுத்தது ஒரு சினிமாதான். நான் பார்த்த முதல் சினிமாவும் அதுவே. என் ராசி அப்படி.

வெள்ளைக்காரன் காலம். நான் மண்டியில் சேர்ந்த புதிது. ஒரு சந்தை நாளில் சுகாதாரக்காரர்கள் வண்டியில் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் இலவச பயாஸ்கோப் என்று தமுக்கடித்தார்கள். ஓசி என்றால் விடுவோமா? நானும் அப்பாவும் முன்னாலேயே இடம் பிடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். ராஜா ராணி வரும் என்று பார்த்தால் வந்தது கொக்கிப்புழு. நிஜத்தில் சின்ன நூல் துண்டு அளவுதானாம். திரையில் வண்டிக் கயிறு கனத்துக்கு இருந்தது. வெள்ளை வெள்ளையாக, கூட்டங்கூட்டமாக, குடலைக் கவ்விக்கொண்டு வழவழவென்று நெளிந்தன. சுகாதாரக்காரர் ஒருவர் திரையோரம் நின்று தடியால் ஒவ்வொரு புழுவாகத் தொட்டுக் காட்டி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"இது உங்க குடலிலயும் உண்டு, கேட்டோ! காலு வழியா ஏறும். வெளிக்கு இருக்கப் போற எடத்துல செருப்பில்லாம நடக்கப் பாடில்ல!"

எனக்குப் பின்னால் யாரோ ஓங்கரித்தார்கள். திரும்பினேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பக்கத்து ஊரான கோபாலபுரத்திலிருந்து மறுநாள் என் அக்காவைப் பெண் பார்க்க வரவிருந்த மாப்பிள்ளையின் அப்பா. மாப்பிள்ளையும் பக்கத்தில் முகம் வெளுத்துப்போய் இருந்தார். எனக்கு அப்போதே பகீரென்றது.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண் பிடித்தால் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். கை நனைக்காமல் எழுந்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம், வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே இரண்டு வீட்டார் அக்காவை அப்படி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்த இடமும் தவறினால் இரண்டாந்தாரம்தான் என்று ஊர் வாய்விட்டே பேசிக்கொண்டிருந்தது. வருகிற மாப்பிள்ளைக்கு இலையில் வைப்பதோ சந்தகை! இடியாப்பம் மாதிரிதான், அரிசி மாவை வேகவைத்து நூல் நூலாகப் பிழிவது.

வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அக்காவும் அரிசி ஊறப் போட்டிருந்தார்கள். சமையல் ஏற்பாட்டில் இருந்ததால் அவர்கள் படத்துக்கு வரவில்லை.

"வேற ஏதாச்சும் பண்ணக்கூடாதா?" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

"மாப்ள வர்ற அன்னிக்குச் சந்தகை புழியாம உப்புமாவா கிண்டுவாங்க? ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா?"

அந்தக் கண்ணறாவியை அவர் எந்த வாயால் அம்மாவுக்கு விவரிப்பார்? போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் இலையில் சந்தகை வந்து விழுந்தது. வெள்ளையாக, ஈரமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. போதாக்குறைக்கு மேலே தேங்காய்ப்பாலை வேறு ஊற்றினாள் அம்மா. சீ! இதை எழுதும்போதுகூட எனக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டு வருகிறது, பசியால் அல்ல. மாப்பிள்ளையின் அப்பா விருட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். கதவோரம் நின்ற அக்காவுக்கு அவர் எழுந்ததுதான் தெரியும், காரணம் தெரியாது. இதுவும் போச்சு என்று அவள் நிலையை விட்டு உள்ளே திரும்பினாள்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். "அப்பாவுக்கு நேத்துச் சந்தையில தின்னது ஒத்துக்கலீங்க" என்றார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு அள்ளி வாயில் போட்டார். எதிரே இருந்த எனக்கு அவர் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. இலை காலியானதும், "இன்னுங் கொஞ்சம் வைங்க" என்றார் பாருங்கள், அந்த மனிதரை அப்போதே கும்பிட்டிருக்க வேண்டும். அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. அத்தனை ருசி என்று அம்மா பூரித்துப்போனாள்.

கல்யாணம் நடந்தது. ஊரில் கொஞ்ச காலம் யாரும் சந்தகை பிழியவில்லை. ஆனால் காலையில் வேலிப்பக்கம் ஒதுங்கப் போனவர்கள் எல்லோரும் அதே வெறுங்காலோடுதான் போனார்கள். புழுவை நினைவு வைத்துக்கொண்டு செருப்பை மறந்த ஜனங்கள், நானும் சேர்த்தி. நினைத்தால் எங்கள் மேலேயே குமட்டுகிறது.

அக்கா மட்டும் நோன்பு, பண்டிகை, மச்சான் வெளியூர் போய்த் திரும்பிய நாள் என்று ஒன்று விடாமல் சந்தகை பிழிந்தாள். "உங்க மச்சானுக்குக் கண்ண மூடித் தின்னாத்தான் ருசி தெரியும்" என்று என்னிடமே பெருமை அடிப்பாள். ஒருநாள் நான் அவரைத் தனியாகக் கேட்டேன்.

"சொல்லிப்போடலாமுல்லங்க மச்சான்?"

"சொன்னா அன்னிக்கு ஏன் தின்னீங்கன்னு கேப்பா, மாப்ளே. பல்லக் கடிச்சுட்டுத் தின்னேன்னு தெரிஞ்சா அவ மனசு தாங்காது."

அக்கா போன ஆடியில் இறந்துபோனாள். அவள் இல்லாத முதல் தீபாவளிக்கு மச்சானுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அவர் மருமகள் பயபக்தியோடு சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி அவர் இலையில் வைத்தாள்.

"த்தூ! எடுத்துட்டுப் போ கண்ணு. புழுவாட்டம் நெளியுது."

"உங்களுக்கு உசுருன்னு அத்தை சொல்லுவாங்களே, மாமா!"

மச்சான் இலையைத் தள்ளி வைத்தார். அந்த அருவருப்பை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. யாரிடம் ஒளிக்க வேண்டுமோ, அவள் வீட்டில் இல்லை.