பாக்ஸர் முதுகுக்குப் பின்னால் ஒரு தொட்டி

மக்களே, ஐம்பதுகளில் எடுத்த நம்ம ராயபுரம் குத்துச்சண்டை போட்டோ ஒன்று இன்று எங்கள் சந்துக்குக் குப்பை லாரியையே வரவைத்துவிட்டது.

செல்வி அக்கா மீன் விற்கும் இடத்தை ஒட்டியே குப்பைமேடு. நாற்றத்தில் வாடிக்கை நின்றுபோய், அக்கா இடத்தையே விடப் பார்த்தார்.

வார்டு ஆபீசில் கேட்டால், அது பக்கத்துக் குடோன்காரர் இடம் என்பார்கள். குடோனில் கேட்டால், வார்டு ஆபீஸ் இடம் என்பார்கள்.

இன்று காலையும் ஆபீசர் அதையே சொன்னார். நான் போனை நீட்டினேன். இந்தப் பேஜில் பலமுறை போட்ட அதே படம். இப்போது குப்பைமேடு இருக்கும் அதே இடத்தில், குடோன் கதவுக்கு எதிரே இரண்டு பாக்ஸர்கள்.

"இன்னாபா, சண்டைய காட்டிகினு கீற?"

கூட வந்த செல்வி அக்கா விடவில்லை. "சண்டைய வுடு சார். பின்னால பாரு."

பாக்ஸரின் முழங்கைக்குக் கீழே ஒரு சிமெண்ட் தொட்டி. அதன்மேல் பெயிண்டில் 'கார்ப்பரேஷன் குப்பைத்தொட்டி'.

ஆபீசர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்போ நம்மளுதுதானா?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு லாரிக்குப் போன் போட்டார்.

மதியம் அக்கா கழுவிய தரையில் வஞ்சிரத்தை அடுக்கிக்கொண்டே கேட்டார். "எத்தினி வருசமா இந்தப் படத்த பாத்துகினு கீற? தொட்டி இப்பத்தான் தெரிஞ்சுதா?"

இதுவரை தெரியவில்லை அக்கா. நான் அந்த இடதுகைக் குத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் பழைய மேட்ச் போட்டோ இருந்தால் எடுங்கள். ஜெயித்தது யார் என்று அப்புறம் பேசலாம், முதலில் பின்னால் தொட்டி தெரிகிறதா என்று பார்த்து கமெண்டில் போடுங்கள்.