துவக்கோடு இருபத்தைந்து நிமிடம்

பலேர்மோவில் பன்னிரண்டு வருடமாக நான் ஒரே வீட்டில்தான் வேலை செய்கிறேன். ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவரின் வீடு. மனைவியை இழந்தவர், வயது எழுபத்தாறு. எல்லோரும் கூப்பிடுவது போல நானும் அவரை டொத்தோரே, அதாவது டொக்டர், என்றுதான் கூப்பிடுவேன். சமைப்பதும், மருந்து எடுத்துக் கொடுப்பதும், கார் ஓட்டுவதும் என் வேலை. போன இலையுதிர் காலத்தில் அவர் வடகிழக்கு மலைப்பக்கம் இருக்கும் ஒரு நண்பரிடம் வேட்டைக்குப் போக வேண்டும் என்றார். நீண்ட அலகுள்ள ஒரு காட்டுப் பறவையைச் சுடுவதற்கு. இத்தாலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நெடுந்தூரம் கார் ஓட்டக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆகவே நானும் போக வேண்டும்.

"கார் ஓட்டக் கண் தெரியாதாம். குருவி சுட மட்டும் தெரியுமாமோ?" என்றாள் என் மனைவி.

டொத்தோர் ஒரு திங்கட்கிழமை காலை, கோப்பி குடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார். அவரும் மற்றவர்களும் இத்தாலிய மொழியில் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"காரிலை போவமோ, பிளேனிலை போவமோ? நீயே முடிவெடு. நீதான் எல்லாத்தையும் எழுதி வைச்சுப் பாக்கிற ஆள்."

அது உண்மை. இருபத்து மூன்று வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் இரண்டு பக்கங்களை எதிரெதிரே திறந்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். விமானம் என்றால் பாதி நாளில் போய்விடலாம். ஆனால் விமான நிலையத்தில் வேட்டைத் துவக்கைப் பொலிஸ் மேசையில் காட்டிப் பதிய வேண்டும். காட்டுவது டொத்தோரின் வேலை. லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. நான் பக்கத்தில் நின்றால் போதும். கார் என்றால் இங்கிருந்து ஜெனோவாவுக்கு காரை ஏற்றிக்கொண்டு இருபது மணித்தியாலம் கப்பல், பிறகு ஐந்து மணித்தியாலம் ஓட்டம். அவருடைய நாயும் கூட வரும். விமானத்தின் அடியில் பெட்டிகளோடு நாயைப் போடுவதை டொத்தோர் விரும்பவில்லை, ஆனாலும் என் முடிவு எதுவானாலும் சம்மதம் என்றிருந்தார்.

நேர்மையாக எழுதினால், என்னைப் பயமுறுத்தியது அப்படித் துவக்குக்குப் பக்கத்தில் நிற்பதுதான். பத்தொன்பது வயதில், யுத்தம் நடந்த ஊரில், ஒரு சோதனைச் சாவடியில், அப்போது தடைசெய்யப்பட்டிருந்த டோர்ச் பற்றரிகள் இரண்டு பையில் இருந்ததற்காக அரை நாள் வெயிலில் நிறுத்தப்பட்டவன் நான். சீருடை போட்டவர் இருக்கும் மேசை, அதன்மேல் ஒரு துவக்கு, பக்கத்தில் நான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் கடந்திருந்தது. மகளுக்குப் பதினெட்டு ஆகுமுன் எனக்குக் கிடைத்தால், என்னோடு சேர்த்து அவளுக்கும் கிடைக்கும். என் பெயரில் ஒரு பொலிஸ் முறைப்பாடு எழுதப்பட்டால் போதும், இரண்டு பேருக்கும் இல்லாமல் போகலாம். அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அப்போது பதினொரு மாதம் இருந்தது.

காரில் போனால் அந்த மேசை இல்லை என்று நினைத்தேன். கார் என்ற பக்கத்தில் சரி என்று அடையாளம் போட்டேன்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "பிளேனிலை போங்கோவன். அங்கை எல்லாம் முறையாப் பாத்து எடுப்பினம். காருக்குள்ளை அந்தச் சாமானோடை ரெண்டு நாள் திரியிறது ஆர்?"

"அது டொத்தோரின்ரை சாமான்தானே."

"ஓம், அவற்றைதான். அவற்றை பைகள் எல்லாம் பன்னிரண்டு வருசமா ஆற்றை கையிலை வருது? இஞ்சாருங்கோ, அதை மட்டும் நீங்கள் தொடக்கூடாது. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு."

அதையும் நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடு இட்டேன். துவக்கு அவர் கையை விட்டு என் கைக்கு வந்தால் குற்றம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

புறப்படும் நாள் மாலை, போர்கோ வெக்கியோ பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். மனைவி நான்கு சில்லுக்கும் கீழே நான்கு தேசிக்காய் வைத்தாள். இங்குள்ள தேசிக்காய் மாங்காய் அளவு. மேல்மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அயல்வீட்டு இத்தாலியப் பெண், மீனுக்குப் பிழிய வேண்டியதைக் காருக்குப் பிழிகிறீர்களே என்று சிரித்தார். நான் காரை மெல்ல உருட்டினேன். மூன்று நசிந்தன. நான்காவது வழுக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் போய்விட்டது. மனைவி அது போன திசையையே பார்த்தாள்.

துறைமுகத்தில் ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. ஆறரைக்கு வரிசையில் நின்றோம். ஆறு நாற்பதுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் காரை ஏற்றினேன். லொறிகளின் இரைச்சல், இரும்புத் தளத்தில் சங்கிலி இழுபடும் சத்தம், கையை ஆட்டி ஆட்டிக் கத்தும் பணியாளர்கள். நாய் வெருண்டு டொத்தோரின் கால்களைச் சுற்றிக் கயிற்றால் பின்னிவிட்டது. நாய்களுக்கு வேறு படி, வேறு தளம் என்று ஒரு பணியாளர் அவரை அந்தப் பக்கமாகத் தள்ளாத குறையாக அனுப்பினார். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. நான் காரின் பின்கதவைத் திறந்தேன். இரண்டு பைகளைத் தோளில் மாட்டினேன். மூன்றாவதை வலது கையில் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக எடுப்பது போலத்தான். பின்கதவைச் சாத்திவிட்டு மின்தூக்கிக்குள் போய், மூன்றாம் தளத்தின் பொத்தானை அழுத்தினேன்.

கதவு மூடிய பிறகுதான் என் வலது கையைப் பார்த்தேன். நீளமான, தோல் போட்ட, பித்தளைப் பூட்டுள்ள துவக்குப் பெட்டி.

வெளியே வந்தால் நேரெதிரே வரவேற்பு மேசை. அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். லொறிச் சாரதிகள், போர்வை சுருட்டிய ஒரு குடும்பம். திரும்பிக் கீழே போக முயன்றேன். மின்தூக்கி ஏற்கெனவே போய்விட்டது. பெட்டியைக் கீழே வைத்தால் விட்டுவிட்டுப் போனவன் ஆவேன்; வைத்திருந்தால் வைத்திருப்பவன் ஆவேன். அப்படியே நின்றேன். வெள்ளைச் சட்டை போட்ட கப்பல் அதிகாரி மேசைக்குப் பின்னாலிருந்து பெட்டியைத்தான் முதலில் பார்த்தார். பிறகு என்னை.

"ஆயுதமோ?"

"ஓம்."

"லைசென்ஸ்?"

"கீழை. டொத்தோரிட்டை. அவர் நாயோடை போயிட்டார்."

"அப்ப இது ஏன் உம்மடை கையிலை?"

என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. "நான் அவரிட்டை வேலை செய்யிறன்."

அவர் பெட்டியை வாங்கித் தன் காலடியில் வைத்தார். என் அடையாள அட்டையைக் கேட்டார். ஒரு நீலக் கொப்பியைத் திறந்து என் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதினார். என் பெயர் நீளம். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார். "அங்கை இரும்," என்றார்.

மணி ஆறு ஐம்பத்திரண்டு. சுவரோரக் கதிரையில் இருந்தேன். கண்ணாடி வழியே கீழே கரை தெரிந்தது. அங்கே துறைமுகப் பொலிஸின் கார் ஒன்று, இருவர் அதில் சாய்ந்து கதைத்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி தொலைபேசியை எடுத்தபோதெல்லாம் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் நிமிர்கிறார்களா என்று. டொத்தோருக்கு ஒன்பது தரம் அழைப்பு எடுத்தேன். இரும்புக்குள் சிக்னல் இல்லை. மகளின் பிறந்தநாள் வரைக்கும் எத்தனை நாள் என்று எண்ணினேன். முன்னூற்று இருபதுக்குப் பிறகு பிழைத்துவிட்டது, மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணினேன். பக்கத்தில் இருந்த பெண் தன் பையை மறுபக்கம் மாற்றி வைத்தாள்.

ஏழு பதினேழுக்கு டொத்தோர் வந்தார். கோட் முழுக்க நாய் மயிர்.

"என்ன, என்ரை துவக்கைக் களவெடுத்துக்கொண்டு ஓடலாம் எண்டு பாத்தியோ?" என்றார் உரத்து.

சாரதிகள் சிரித்தார்கள். நான் அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. லைசென்ஸைப் பார்த்தார், துவக்கைக் கப்பலின் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார், டொத்தோரிடம் பற்றுச்சீட்டுக் கொடுத்தார். இப்படிச் செய்யக்கூடாது என்று ஒரு தரம் சொன்னார், அதையும் என்னைப் பார்த்தே சொன்னார்.

"என்ரை பெயர் எழுதினீங்கள். அதை ஆருக்கும் அனுப்புவீங்களோ?" என்று கேட்டேன்.

"அது எங்கடை ஒழுங்கு," என்று கொப்பியை மூடினார்.

அடுத்த நாள் மாலை ஜெனோவாவில் துவக்கைத் திருப்பித் தந்தார்கள். டொத்தோர் கையெழுத்துப் போட்டார். பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் படிப் பக்கம் திரும்பினார். எப்போதும் அப்படித்தான், பின்னால் நான் எடுத்துவருவேன். நாயின் கயிற்றை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"டொத்தோரே, அதை நீங்கள்தான் கொண்டுவர வேணும்."

அவர் நின்றார். "பாரம்."

"ஓம். பாரம்தான்."

பன்னிரண்டு வருடத்தில் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் திரும்பி வந்து பெட்டியை எடுத்தார். மூன்று தளப் படியிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினார். நான் நாயோடு பின்னால் போனேன். நெடுஞ்சாலையில் மூன்று முறை கோப்பிக்கு நிறுத்தினோம். மூன்று முறையும் அவரைக் காரில் துவக்கோடு இருக்கச் சொல்லிவிட்டு, நானே உள்ளே போய் வாங்கி வந்தேன். மூன்றாவது முறை, "இப்ப ஆர் ஆருக்குக் காவல்?" என்று முணுமுணுத்தார்.

வேட்டை நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள். நான் நண்பர் வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் என் கையிலிருந்த கத்தி நின்றது. திரும்பி வரும் கப்பலில் வேறு அதிகாரி இருந்தார். அவரிடமும் ஒரு நீலக் கொப்பி இருந்தது.

அந்த இருபத்தைந்து நிமிடத்தையும் நாட்குறிப்பில் நிமிடம் நிமிடமாக எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் பிழையில்லாமல் சொல்ல வேண்டும். "கிழிச்செறியுங்கோ," என்கிறாள் மனைவி, "உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி எழுதி வைச்சிருக்கிறியள்." அவள் சொல்வதும் சரியாக இருக்கலாம். பக்கம் இன்னும் இருக்கிறது.

போன வாரம் டொத்தோர் மறுபடி கேட்டார், இந்த வருடம் காரா, விமானமா என்று. "குடியுரிமைக் கடிதம் வரட்டும், டொத்தோரே. அதுவரைக்கும் நான் துவக்குள்ள இடத்துக்கு வரேல்லை," என்றேன். அவர் கோப்பியைக் கலக்கினார். வேறு ஆள் தேடுகிறாரோ தெரியாது.

மகளின் பிறந்தநாளுக்கு நாற்பத்தோரு நாள் இருக்கிறது. தினமும் காலை ஏழு பத்துக்கு, வேலைக்கு இறங்குமுன், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தொலைபேசியில் திறந்து பார்க்கிறேன். இன்றும் பரிசீலனையில் இருப்பதாகவே காட்டியது.