கடைசி நான்கு எண்கள்

பாட்டுக்கு நடுவே ஓர் ஆண் திடீரென்று கத்துவான். காசு கட்டாமல் கேட்கிற ஆப்பில் அப்படித்தான். இரண்டு பாட்டு, பிறகு விளம்பரம். சோப்பு விற்கிறவன், கடன் கொடுக்கிறவன், எல்லோரும் காதுக்குள் வந்துதான் கத்துவார்கள். மற்றவர்களுக்கு அது எரிச்சல். எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஆறு வருடம் புருஷன் குரலுக்கு நடுங்கியே குடித்தனம் நடத்திவிட்டு, ஒரே ஒரு பையோடு ஆம்பூரை விட்டு ஓடி வந்தவள் நான். ராணிப்பேட்டையில் லேடீஸ் ஹாஸ்டல், ஷூ கம்பெனியில் தையல் மெஷின், வேலை முடிந்தால் ஹெட்போனில் பாட்டு. இரண்டு வருடமாக இதுதான் வாழ்க்கை. இதற்குள்ளும் ஒருவன் வந்து கத்த வேண்டாம் என்று மாதக் கட்டணம் கட்ட முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் அறையில் இருக்கும் நெமிலிப் பக்கத்துப் பெண் பணம் கட்டித் தருகிறேன் என்று என் போனை வாங்கிக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சம்பளக் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அதுவரை அதை ஏ.டி.எம்.மில் செருகியதோடு சரி. முன்பக்கத்துப் பதினாறு எண்ணையும் பின்பக்கத்து மூன்று எண்ணையும் மளமளவென்று தட்டினாள்.

"அக்கா, ஓடிபி வந்துச்சா பாரு."

"போனு உன் கையில இருக்கு. நான் எங்கடி பாக்கறது?"

"இதுல வர்லக்கா." மறுபடி அனுப்பு என்பதைத் தட்டினாள். வரவில்லை. இன்னொரு முறையும் தட்டினாள். "இன்னாக்கா இது, பேஜாரா இருக்கு. உன் நம்பர் கடைசி நாலு இதுதானே?"

திரையைத் திருப்பிக் காட்டினாள். நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் நான்கு எண்கள். அவை என்னுடையவை அல்ல. அவனுடையவை.

முன்பு நான் வேலை செய்த ஆம்பூர் கம்பெனியில் எங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் பேங்க் கணக்குத் திறந்தார்கள். கேன்டீனில் மேசை போட்டு வரிசையாக நிற்க வைத்தார்கள். என்னிடம் அப்போது போன் கிடையாது. ஃபார்ம் எழுதினவர், "வூட்டுக்காரர் நம்பர் சொல்லும்மா" என்றார். சமர்த்தாகச் சொன்னேன். ராணிப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தபோதும், "கணக்கு ஏற்கெனவே இருக்கா? அதையே குடு" என்றார்கள். கொடுத்தேன். யாருக்கும் தெரியாத புது சிம் வாங்கத் தெரிந்தவளுக்கு இது மட்டும் தோன்றவில்லை. நாளெல்லாம் செருப்புத் தைக்கிறேன், அதில் ஒன்றை எடுத்து என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று ஓடிபி. மூன்று முறை அவன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்தது போல் இருந்தது.

அதைவிட மோசமானது அப்புறம்தான் உறைத்தது. "நீ ஏ.டி.எம்.ல பணம் எடுத்தா உனக்கு இன்னா மெசேஜ் வரும், காட்டு" என்றேன். காட்டினாள். எவ்வளவு எடுத்தாள், எத்தனை மணிக்கு எடுத்தாள், எந்தத் தெருவில் இருக்கிற ஏ.டி.எம்., எல்லாம் இருந்தது.

"தெருப் பேரு கூடவா போடுவான்?"

"போடுவான்க்கா. ஏன், இன்னா ஆச்சு?"

நான் பணம் எடுக்கும் ஏ.டி.எம். ஹாஸ்டலிலிருந்து நான்காவது கட்டடம். சம்பளம் விழுந்த மறுநாள், ஷிஃப்ட் முடிந்து, ஆறரை மணி. ஒரு மாதம் தவறியதில்லை. ஒளிந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே மாதாமாதம் அவனுக்கு என் விலாசத்தை அனுப்பி வைத்திருக்கிறேன். தெரிந்தும் அவன் ஏன் வரவில்லை? அல்லது வந்தானா? எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்று பார்த்துவிட்டுப் போனானா?

மறுநாள் பேங்கின் ராணிப்பேட்டைக் கிளையில் போய் நம்பரை மாற்றித் தரக் கேட்டேன். கணக்குத் தொடங்கின இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கிளை ஆம்பூரில் இருக்கிறது. அவன் வேலை செய்கிற மெக்கானிக் ஷெட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம்.

லீவு போட்டேன். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஆம்பூரில் இறங்கினேன். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். பேங்க் கவுன்டரில் இருந்த அம்மாள் நம்பர் மாற்றும் ஃபார்மை வாங்கிப் பார்த்தார்.

"நம்பர் மாறிடுச்சுன்னு பழைய நம்பருக்கும் ஒரு மெசேஜ் போவும்மா. வேற யாரும் திருட்டுத்தனமா மாத்திடக் கூடாதில்ல? எல்லாம் உன் சேஃப்டிக்குத்தான்."

"எப்ப போவும் மேடம்?"

"நான் பட்டனைத் தட்டினதும் போய்டும்."

"நான் பஸ் ஏறினப்புறம் தட்டறீங்களா?"

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஃபார்மைக் கீபோர்டுக்கு அடியில் செருகினார். "சாப்ட்டு வந்து போடறேன். நீ கெளம்பு." ஒரு நன்றி சொல்லக்கூட நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ராணிப்பேட்டை வழியாகப் போகிற சென்னை பஸ் ஒன்று உடனே கிடைத்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் போன் அதிர்ந்தது. பேங்க் எனக்கு அனுப்பிய முதல் செய்தி. எண் மாற்றப்பட்டுவிட்டதாம். அதே நொடியில் அவன் சட்டைப் பையிலும் ஒன்று அதிர்ந்திருக்கும். இனிமேல் என்னைப் பற்றி அவனுக்கு எதுவும் வராது. அவனுக்கு எல்லாம் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இது தெரிந்த பிறகு அவன் இன்னொரு மாதம் காத்திருப்பானா? தெரு தெரியும். பைக் இருக்கிறது. பஸ் நின்று நின்று போகும், பைக் நிற்க வேண்டியதில்லை. வேலூரில் ஆள் ஏற்றுவதற்காகக் கால் மணி நேரம் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜன்னலை மூடிக்கொண்டு, கடந்து போன ஒவ்வொரு ஹெல்மெட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ராணிப்பேட்டைக்காரர்கள் இறங்கும் முத்துக்கடை வந்தது. நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பைக்குகள் நின்றிருந்தன. எந்த முகமும் சரியாகத் தெரியவில்லை. பையை எடுத்து மடியில் வைத்தேன். எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா, உன் ஸ்டாப்பு வந்துச்சு, எறங்கலயா?" என்றார் கண்டக்டர்.

அடுத்த ஊரான வாலாஜாவுக்கு இன்னொரு டிக்கெட் கேட்டேன்.