எனக்கு விழுந்த இரண்டு ஓட்டு

பேத்தி விரித்துப் போட்டுவிட்டுப் போன சரித்திரப் புத்தகத்தில் 1912 அமெரிக்கத் தேர்தல் கண்ணில் பட்டது. தான் நாற்காலியில் உட்கார்த்திவைத்த நண்பரையே எதிர்த்து, பெரிய கம்பெனிகளுக்குக் கடிவாளம் போடுவேன் என்று முழங்கி, மாஜி ஜனாதிபதி தனிக்கட்சி கட்டி நின்ற கதை. இருவரும் அடித்துக்கொண்டதில் எங்கள் நியூஜெர்சி கவர்னர் நோகாமல் ஜெயித்தார். படித்ததும் எனக்கு ஏலக்காய் டீ வாசனை வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளில் இங்கே வெஸ்ட் வின்ட்சரில் நண்பன் ராகவன் காரில்தான் தினமும் ஸ்டேஷனுக்குப் போவேன். அவன் பிளாஸ்கில் ஏலக்காய் டீ இருக்கும். தமிழ்ச் சங்கத் தலைவர் பதவியை அவன்தான் என் தலையில் கட்டினான். "நீ சும்மா உக்காருடா, நான் பாத்துக்கறேன்." உட்கார்ந்தேன். பதவி பிடித்துப்போய், அவன் வருஷா வருஷம் நடத்திவந்த பேச்சுப் போட்டியை அவனைக் கேட்காமலே நிறுத்தினேன்.

அடுத்த பொதுக்குழு ஸ்கூல் கேஃபடேரியாவில். வழக்கம்போல 'ஏகமனதாக' என்று சொல்லிவிட்டு வடைக்குப் போக எல்லோரும் தயார். ராகவன் எழுந்தான்.

"இந்தத் தடவ நானும் நிக்கறேன்."

அரை மணி முன்னால் அவன் காரில்தானே வந்திறங்கினேன்! இதுதான் சாக்கென்று ஒரு புரொஃபசரும் எழுந்தார். பெயரைச் சீட்டில் எழுதி ஷூ பெட்டியில் போட்டோம். நான் வெட்கமில்லாமல் என் பெயரையே எழுதினேன்.

புரொஃபசருக்குப் பதினாறு. ராகவனுக்குப் பதினைந்து. எனக்கு இரண்டு. ஹைஸ்கூலில் இருந்த மகள், "அப்பா, தட் பிரசிடென்ட் ஆல்ஸோ வன் ஒன்லி டூ ஸ்டேட்ஸ்" என்று, 1912-இல் பதவியிலிருந்த ஜனாதிபதியும் இரண்டே மாநிலங்களில்தான் ஜெயித்தார் என்பதைச் சொல்லி ஆறுதல்படுத்தினாள். இன்னொரு ஓட்டு மனைவியுடையது என்று நம்பி அவளுக்குப் புடவை வாங்கிக் கொடுத்தேன். அவளும் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ராகவன் கார் வரவில்லை. பிறகு வரவே இல்லை. அவன் டெக்சாஸ் போனதுகூட மற்றவர் சொல்லித்தான் தெரியும்.

போன வருஷம் அவன் போய்விட்டான். துக்கம் விசாரிக்கப் போன் செய்தபோது அவன் மனைவி சொன்னாள்:

"அன்னிக்கு அவர் உங்க பேரத்தான் எழுதினார். எம் பேர நானே எப்படி எழுதறது, அவனும் எம் பேரத்தான் எழுதுவான்னார். உங்க வீட்ல புரொஃபசருக்குப் போட்டேன்னு எங்கிட்ட சொல்லிட்டாங்க. அப்ப அந்த ரெண்டாவது சீட்டு யாருதுன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு."

முப்பது வருஷத்துக்கும் மேலாக, அவன் எனக்குத் துரோகம் செய்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அந்த இரண்டு ஜனாதிபதிகளும் பின்னால் ஒரு ஓட்டல் சாப்பாட்டறையில் கைகுலுக்கிக்கொண்டார்களாம், சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்களாம். புத்தகத்தில் போட்டிருக்கிறது. டெக்சாஸ் இங்கிருந்து நாலு மணி நேர விமானம். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.